ரோமாபுரி குருக்களுக்கு ஒரு திறந்த மடல்: உங்க பாப்பரசர் நாடுகடத்துன ஊர்ல ரொட்டிக்கு ஏங்கிட்டு இருந்தார்

கி.பி. 654ல ரோமாபுரி சபையில இருந்த குருக்களுக்கும், டீக்கன்மாருக்கும், பாப்பரசர் குடியிருந்த லாத்தரன் மாளிகையில களஞ்சியத்து கணக்கு பாத்தவங்களுக்கும்,

ஸ்தோத்திரம். உங்களுக்கும் எனக்கும் நடுவுல 1370 வருஷம் கிடக்கு, இந்த மடல் உங்க கைக்கு வந்து சேராதுன்னு எனக்கு தெரியும், ஆனாலும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா ரெண்டு மாசமா ராத்திரி வேலை எல்லாம் முடிச்சுட்டு உக்காந்து உங்க பாப்பரசர் முதலாம் மார்ட்டின் கைதியாவும் நாடுகடத்தப்பட்டும் கிடந்த கடைசி காலத்துல எழுதுன லெட்டர்களை படிச்சுகிட்டு இருக்கேன், அதுல கடைசி லெட்டர் என்னை தூங்க விடல. அவரை சித்திரவதை பண்ணுன பேரரசர் மேல கோவம் வந்துச்சு, அது எல்லாருக்கும் வர்றது தான். ஆனா அந்த லெட்டர்ல அவர் பேரரசரை பத்தி அழல. உங்களை பத்தி தான் அழுதுருக்கார். அதனால தான் மடல் உங்களுக்கு.

நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கறேன், ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைங்க. தவக்காலத்துல கெத்செமனி தோட்டத்தை பத்தி சொல்லிகிட்டு இருந்தேன், யேசு முகம் குப்புற விழுந்து செபிச்சது, வேர்வை ரத்தத்துளி மாதிரி விழுந்தது, அப்பா இந்த கிண்ணம் என்னை விட்டு போகட்டும், ஆனா என் விருப்பம் இல்ல உம்ம விருப்பம் தான் நடக்கணும்னு அவர் சொன்னது, எல்லாம். ஒரு பையன் எந்திரிச்சு கேட்டான், "மிஸ், அவருக்கு தான் உயிர்த்துருவோம்னு தெரியுமே, அப்புறம் எதுக்கு பயந்தாரு, சும்மா நமக்காக பயந்த மாதிரி காட்டுனாரா?" எனக்கு டக்குன்னு பதில் வரல. இல்லடா நெஜமாவே பயந்தாருன்னு சொன்னேன், ஆனா ஏன்னு விளக்க தெரியல. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன், தேடித்தேடி உங்க ஊருக்கு, 649ம் வருஷம் லாத்தரன் கோயில்ல நீங்க எல்லாரும் உக்காந்திருந்த அந்த சங்கத்துக்கு வந்து சேந்தேன். அந்த பையன் கேட்ட கேள்விக்கு பதில் சொன்னதுக்காகத்தான் உங்க பாப்பரசர் செத்துருக்கார்.

உங்களுக்கு தெரிஞ்ச கதை தான், ஆனா இந்த மடலை வாசிக்கிற எங்க ஆளுங்களுக்காக கொஞ்சம் சொல்ல வேண்டி இருக்கு. 451ல கால்சிடன் சங்கம் கிறிஸ்து ஒரே ஆள், ஆனா அவருக்கு இறை இயல்பும் மனித இயல்பும் ரெண்டும் முழுசா இருக்குன்னு சொல்லிடுச்சு, அதை எகிப்துலயும் சிரியாவுலயும் நெறைய பேர் ஏத்துக்கல, ரோம ராஜ்ஜியம் ரெண்டா பிளந்து கிடந்துச்சு. அப்புறம் பாரசீகத்தோட பெரிய சண்டை, அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அரபு படைகள் வந்து சிரியா போச்சு, ஜெருசலேம் போச்சு. எப்படியாவது சனங்களை ஒண்ணு சேக்கணும்னு பேரரசர் ஹெராக்ளியஸும் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள்ல சபைக்கு தலைவரா இருந்த முதுபெரும் தந்தை செர்ஜியஸும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, இயல்பு ரெண்டுன்னே இருக்கட்டும், ஆனா சித்தம் ஒண்ணு தான், தெய்வ சித்தம் மட்டும் தான்னு சொல்லிட்டா ரெண்டு பக்கமும் சமாதானம் ஆயிடும்னு. 638ல அதை எக்தெசிஸ்னு ஒரு ஆணையாவே போட்டாங்க. உங்க ஊர் பாப்பரசர் ஹொனோரியஸே முன்னாடி செர்ஜியஸுக்கு எழுதுன பதில்ல ஒரே சித்தம்னு எழுதிட்டார், அதுக்காக பின்னாடி 681ல பொதுச்சங்கமே அவரை கண்டிச்சுது, அதையும் மறைக்க வேண்டியது இல்ல.

கேக்கறதுக்கு சின்ன விஷயம் மாதிரி தான் இருக்கும். சித்தம் ஒண்ணா ரெண்டான்னு அடிச்சுக்கணுமான்னு எனக்கே முதல்ல தோணுச்சு. ஆனா யோசிச்சு பாத்தா, மனுஷனுக்கு உள்ள சித்தம் யேசுவுக்கு இல்லேன்னா அந்த தோட்டத்துல நடந்தது என்ன? சாவுக்கு பயப்படற மனசு இல்ல, வேண்டாம்னு தவிக்கிற மனசு இல்ல, அந்த தவிப்பை மீறி சரின்னு தலை குனியிற மனசும் இல்ல. அப்போ அந்த வேர்வை எல்லாம் நடிப்புன்னு ஆயிடும், அந்த பையன் கேட்ட மாதிரி. அதே காலத்துல வாழ்ந்த மாக்சிமஸ் துறவி இதை தான் திரும்ப திரும்ப சொன்னார், மனுஷனோட சித்தம் தான் முதல்ல விழுந்துச்சு, அதை யேசு எடுத்துக்கலேன்னா அது எப்படி குணமாகும்னு. இதுக்கு மேல இந்த வாதத்துக்கு எனக்கு ஒண்ணும் தேவைப்படல.

648ல பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ், அப்போ அவருக்கு 18 வயசு இருக்கும், டைபோஸ்னு இன்னொரு ஆணை போட்டார். இனிமே ஒரு சித்தம்னும் பேசக்கூடாது ரெண்டு சித்தம்னும் பேசக்கூடாது, வாயை மூடிட்டு இருக்கணும். பேசுனா ஆயருக்கு பதவி போகும், அதிகாரிக்கு வேலை போகும், சொத்து உள்ளவனுக்கு சொத்து போகும், ஏழைக்கு சவுக்கடியும் நாடுகடத்தலும். நடுநிலை மாதிரி தெரியும், ஆனா உண்மையை சொல்றவனையும் பொய்யை சொல்றவனையும் ஒரே கயித்துல கட்டுற வேலை அது. மார்ட்டின் அதை சரியா புரிஞ்சுகிட்டார், ஏன்னா அவர் இத்தாலியில தோடி ஊர்க்காரரா இருந்தாலும் பாப்பரசரோட தூதரா கான்ஸ்டான்டிநோபிள்லயே இருந்தவர், அரண்மனை எப்படி யோசிக்கும்னு அவருக்கு அத்துபடி.

அவரை 649 ஜூலையில நீங்க தான் தேர்ந்தெடுத்தீங்க. வழக்கமா பேரரசர் சம்மதம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், நீங்க காத்திருக்கல, அபிஷேகம் பண்ணிட்டீங்க. எவ்வளவு தைரியம் அது! மூணே மாசத்துல, அக்டோபர்ல, லாத்தரன்ல சங்கம் கூடுச்சு, 105 ஆயர்கள், கிழக்குல இருந்து ஓடி வந்த கிரேக்க துறவிங்க, மாக்சிமஸும் கூட. அஞ்சு அமர்வு, 20 விதிகள். எக்தெசிஸும் தப்பு டைபோஸும் தப்பு, கிறிஸ்துவுக்கு தெய்வ சித்தமும் மனித சித்தமும் ரெண்டும் உண்டு, செர்ஜியஸ், பிர்ரஸ், பவுல்னு வரிசையா கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தையர் மூணு பேர் மேலயும் கண்டனம். அந்த பவுல் அப்போ பதவியில இருந்தவர், இதை எல்லாம் லத்தீன்லயும் கிரேக்கத்துலயும் எழுதி நாலா பக்கமும் அனுப்புனீங்க, வடக்க அமாண்டஸ் ஆயர் வரைக்கும் போச்சு. அந்த ஆவணங்களை எத்தனை எழுத்தர்மார் உக்காந்து நகல் எடுத்துருப்பீங்க, அதை நெனச்சா எனக்கு உங்க மேல மரியாதை தான் வருது. கோழைங்களுக்கு எழுதற மடல் இல்ல இது.

அதுக்கப்புறம் பேரரசர் அனுப்புன எக்சார்க் ஒலிம்பியஸ், இத்தாலிக்கு அவர் தான் கவர்னர் மாதிரி, மார்ட்டினை பிடிக்க வந்தவர் பிடிக்காம அவரோட சமாதானம் ஆகி பேரரசருக்கே எதிரா திரும்பி சிசிலிக்கு போய் செத்தும் போனார். அது மார்ட்டின் தலைல வந்து விடிஞ்சுது. அடுத்து வந்தவர் தியோடர் கல்லியோப்பாஸ்.

653 ஜூன் 15, சனிக்கிழமை, கல்லியோப்பாஸ் படையோட ரோமுக்குள்ள வர்றார். மார்ட்டினுக்கு முந்துன அக்டோபர்ல இருந்தே உடம்பு சரி இல்ல, எந்திரிக்க முடியல, கட்டிலோட லாத்தரன் கோயில்ல பீடத்துக்கு முன்னாடி போய் படுத்துகிட்டார், நீங்க எல்லாம் சுத்தி நின்னீங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம் அதிகம்னு கல்லியோப்பாஸ் பயந்து வரல, களைப்பா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டார். திங்கக்கிழமை ஆள் அனுப்பி, உள்ள ஆயுதமும் கல்லும் குவிச்சு வச்சிருக்கீங்களாமேன்னு மாளிகை பூரா தேட வச்சார், ஒண்ணும் கிடைக்கல. கொஞ்ச நேரத்துல சிப்பாய்ங்க ஈட்டி, வாள், வில்லு எல்லாம் எடுத்துகிட்டு கோயிலுக்குள்ளயே வந்துட்டாங்க. மெழுகுதிரி எல்லாம் அடிபட்டு மரத்துல இருந்து இலை உதிர்ற மாதிரி விழுந்துச்சு, ஆயுத சத்தம் இடி மாதிரி இருந்துச்சுன்னு அவரே எழுதிருக்கார், கட்டில்ல படுத்துட்டே பாத்தவர் இல்லையா, மேல இருந்து திரி விழறது அவர் கண்ணுக்கு அப்படி தெரிஞ்சிருக்கு. நீ முறைப்படி வந்த பாப்பரசர் இல்ல, இவனை எறக்கிட்டு வேற ஆளை வைக்கணும்னு ஆணையை வாசிச்சாங்க.

அப்போ நீங்க கத்துனீங்களே, மார்ட்டின் விசுவாசத்துல ஒரு புள்ளி மாத்துனார்னு எவன் சொன்னாலும் அவன் சபிக்கப்பட்டவன்னு, அந்த சத்தத்தை கேட்டு கல்லியோப்பாஸே இறங்கி வந்து, எங்க விசுவாசமும் உங்க விசுவாசமும் ஒண்ணு தான்னு சமாளிச்சார். உங்கள்ல சில பேர் எதுத்து நிக்கவும் தயாரா இருந்துருப்பீங்க. மார்ட்டின் தான் தடுத்தார், எனக்காக ஒருத்தர் ரத்தம் கூட தரையில சிந்தக்கூடாது, அதுக்கு நான் பத்து தடவை சாகறது மேல்னு சொல்லிட்டு அவராவே வெளியில வந்தார். மறுநாள் நாங்களும் கூட வர்றோம்னு உங்கள்ல நெறைய பேர் மூட்டை முடிச்சை படகுல ஏத்துனீங்க. ஆனா அன்னிக்கு நடுராத்திரி உங்க எல்லாரையும் ஏமாத்தி அவரை மட்டும் தூக்கிட்டு போயிட்டாங்க, வேலைக்கார பையன்க ஆறு பேர், தண்ணி குடிக்க ஒரு குவளை, அவ்வளவு தான், டைபர் ஆத்துல படகுல இறக்கி, யாரும் பின்னாடி வந்துடக்கூடாதுன்னு நகரத்து வாசலை எல்லாம் பூட்டி வச்சாங்க. அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லேன்னு எனக்கு தெரியும், அவரும் அதை சரியா எழுதி வச்சிருக்கார், நீங்க வர ரெடியா இருந்தீங்கன்னு சாட்சி சொல்லிருக்கார்.

நான் கேக்கறது அதுக்கு அப்புறம்.

அவர் போன பாதையை சொல்றேன், நீங்க முழுசா கேட்டுருக்க மாட்டீங்க. இத்தாலி கரையில மிசேனம், கலாப்ரியா, அப்புறம் தீவு தீவா கப்பல்ல. வயித்துப்போக்கு நிக்கவே இல்ல. நக்ஸோஸ் தீவுல தான் ரெண்டு மூணு தடவை குளிக்க விட்டாங்க. அந்த ஊர் சனங்களும் குருக்களும் அவருக்கு சாப்பாடு துணிமணின்னு கொண்டு வந்தாங்க, காவக்காரங்க அதை பிடுங்கிட்டு, கொண்டு வந்தவங்களை அடிச்சு, இவன் மேல பாசம் காட்டுறவன் எல்லாம் ராஜ்ஜியத்துக்கு துரோகின்னு விரட்டி விட்டாங்க. செப்டம்பர் 17 காலையில கான்ஸ்டான்டிநோபிள் துறைமுகம். சாயங்காலம் வரைக்கும் கப்பல் தளத்துலயே படுக்க போட்டுட்டாங்க, வர்றவன் போறவன் எல்லாம் வேடிக்கை பாத்து திட்டுறான். அப்புறம் ஜெயில்ல 93 நாள். 47 நாளாச்சு வெந்நீர் இல்ல பச்சத்தண்ணியில கூட உடம்பை கழுவ விடலன்னு எழுதறார். உள்ள உருகிப்போய் உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சுன்னு எழுதறார்.

டிசம்பர் 20 விசாரணை. நாற்காலியில தூக்கிட்டு வந்தாங்க, நடுவர் எந்திரிச்சு நிக்க சொன்னார், முடியல, ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சு நிக்க வச்சாங்க. ஒலிம்பியஸோட சேந்து ராஜதுரோகம் பண்ணுனார்னு குற்றச்சாட்டு. சாட்சிங்க எல்லாம் ஒலிம்பியஸோட பழைய சிப்பாய்ங்க, சொல்லிக்கொடுத்து கூட்டிட்டு வந்தவங்க. அவங்களை நற்செய்தி புஸ்தகத்து மேல கை வச்சு சத்தியம் பண்ண சொல்லும்போது மார்ட்டின் கெஞ்சுறார், ஐயா, சத்தியம் வேண்டாம், அவங்க என்ன சொல்லணுமோ சத்தியம் இல்லாமலே சொல்லட்டும், என்னை என்ன பண்ணணுமோ பண்ணுங்க, எதுக்கு அவங்க ஆன்மாவை நாசம் பண்றீங்கன்னு. தனக்கு எதிரா பொய் சொல்ல வந்தவனோட ஆன்மாவை பத்தி நிக்க முடியாத ஒரு மனுஷன் கவலைப்படறார். இந்த இடத்துல நான் படிக்கிறதை நிறுத்திட்டேன், ஒரு நாள் முழுக்க திரும்ப எடுக்கல.

டைபோஸ் பத்தி பேச வாயெடுத்தப்போ ட்ரோய்லஸ்னு ஒரு அதிகாரி, விசுவாசத்தை இங்க இழுக்காத, இது ராஜதுரோக வழக்கு, நாங்களும் கிறிஸ்தவங்க தான்னு அடக்கிட்டார். எல்லாமே விசுவாசத்துக்காக தான் நடக்குது, ஆனா அந்த வார்த்தையை மட்டும் சொல்லக்கூடாது.

அப்புறம் வெளியில கூட்டம் பாக்க, பேரரசர் மேல ஜன்னல் வழியா பாக்க, மேலாடையோட வாரை அறுத்து, பாப்பரசர் தோள்ல போடற பால்லியத்தை உருவி, உள்ளாடையை மேல இருந்து கீழ வரைக்கும் கிழிச்சு, கழுத்துல இரும்பு வளையம் மாட்டி, முன்னாடி ஒருத்தன் வாளை ஏந்திட்டு போக, ஊர் நடுவுல இழுத்துட்டு போனாங்க. டிசம்பர் குளிர். தியோமிடஸ் ஜெயிலோட படிக்கட்டு அகலமானது, அதுல இழுக்கும்போது கால் தோல் உரிஞ்சு படி எல்லாம் ரத்தம். கூட கோயில் பணி பாக்கற ஒரு சின்ன பையன் மட்டும் விடாம போனான். அங்க சாவி வச்சிருக்கற குடும்பத்து பொம்பளைங்க ரெண்டு பேர், அம்மாவும் மகளும், நடுங்கிட்டு கிடந்த அந்த மனுஷனை பாத்து பொறுக்காம தூக்கிட்டு போய் கட்டில்ல போட்டு நல்லா போத்தி விட்டாங்க. ரொம்ப நேரம் அவருக்கு பேச்சே வரல. அந்த ரெண்டு பேரோட பேர் எங்கயும் இல்ல. சித்தம் ஒண்ணா ரெண்டான்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்குமான்னும் தெரியல. பேரரசருக்கு துரோகின்னு முத்திரை குத்துன ஆளுன்னு மட்டும் நல்லா தெரியும். போத்தி விட்டாங்க.

அவரை கொல்லாம விட்டதுக்கு காரணம் கூட, அவர் கண்டிச்ச அதே பவுல் தான். பவுல் சாகக் கிடக்கறார், பேரரசர் போய் இந்த மாதிரி மார்ட்டினை பண்ணிட்டோம்னு சந்தோஷமா சொல்றார், பவுல் செவுத்து பக்கம் திரும்பிகிட்டு, ஐயோ இதுவும் என் கணக்குல சேருமேன்னு அழுதார், இத்தோட விட்டுடுங்கன்னு கேட்டுகிட்டார். எதிரி கூட செவுத்து பக்கம் திரும்பி அழுத விஷயம் இது.

இப்போ உங்க பக்கம் வர்றேன். 654 ஆகஸ்ட் 10ல, மார்ட்டின் உயிரோட இருக்கும்போதே, நீங்க யூஜினியஸை பாப்பரசரா அபிஷேகம் பண்ணீங்க. ஒரு வருஷத்துக்கு மேல தள்ளி போட்டீங்க, பேரரசரோட ஆளுங்க நெருக்குனாங்க, இவங்களே யாரையாவது ஒரே சித்தம்கிற ஆளை கொண்டு வந்து உக்கார வச்சுருவாங்களோன்னு பயந்துருப்பீங்க. அதை நான் புரிஞ்சுக்கறேன். யூஜினியஸ் மேலயும் எனக்கு கோவம் இல்ல, நல்ல மனுஷன்னு தான் எல்லாரும் சொல்றாங்க. அதுக்கு அப்புறம் கான்ஸ்டான்டிநோபிள்ல இருந்து புது முதுபெரும் தந்தை பேதுரு ஒரு மழுப்பலான லெட்டர் அனுப்புனப்போ, மரியா மேஜ்ஜோரே கோயில்ல நீங்களும் சனங்களும் சேந்து அதை ஏத்துக்க மாட்டோம்னு கத்தி, ஏத்துக்க மாட்டேன்னு வாக்கு கொடுக்கற வரைக்கும் யூஜினியஸை பூசையே முடிக்க விடல. பூசை நடுவுல ஒரு பாப்பரசரை நிறுத்தற அளவுக்கு உங்களுக்கு தைரியம் இருந்துச்சு. கொள்கையை ஒரு எழுத்து கூட விட்டுக்கொடுக்கல நீங்க.

அந்த கொள்கைக்காக போன ஆளை விட்டுட்டீங்களே.

மார்ச் 26ல அவரை கப்பல்ல ஏத்துனாங்க, மே 15ல செர்சோன். கிரிமியாவுல கருங்கடல் ஓரத்துல ஒரு ஊர், ராஜ்ஜியத்தோட கடைசி எல்லை. அங்க பஞ்சம். ரொட்டிங்கிற பேச்சு தான் இங்க இருக்கு, ரொட்டியை கண்ணால பாக்க முடியலன்னு எழுதறார். உப்பு ஏத்திட்டு போக வர்ற சின்ன படகுங்க கிட்ட எப்பவாவது கொஞ்சம் தானியம் வாங்க முடியும், அதுவும் அதிக விலைக்கு. வயசானவர், வயித்துப்போக்கு, கால் புண்ணு, அந்த குளிர்ல அந்த ஊர்ல.

செப்டம்பர்ல எழுதுன கடைசி லெட்டர் தான் நான் முதல்ல சொன்னது. அதுல அவர் எழுதுறதை என் வார்த்தையில சொல்றேன். ஒரு காலத்துல என்னோட இருந்தவங்க, சிநேகிதங்க, சொந்தக்காரங்க, எல்லாரும் என் கஷ்டத்தை இப்படி சுத்தமா மறந்துட்டாங்களே, நான் இந்த பூமியில இருக்கேனா இல்லையான்னு கூட தெரிஞ்சுக்க நெனைக்கலயே, எனக்கு ஆச்சரியமா இருக்கு. மத்தவங்களை விட அப்போஸ்தலர் பேதுருவோட சபையை சேந்தவங்களை நெனச்சு தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். பேதுருவோட கோயில்ல தங்கம் இல்லாம இருக்கலாம், ஆனா கடவுள் புண்ணியத்துல தானியத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் குறைவு இல்லையே, கொஞ்சமாவது அனுப்பிருக்கலாமே. மனுஷங்களுக்கு அப்படி என்ன பயம் வந்துடுச்சு? நான் சபைக்கே அப்படி ஒரு எதிரியா?

அந்த வரியை திரும்ப திரும்ப படிச்சேன், தங்கம் இல்லாட்டி பரவாயில்ல, தானியம் இருக்கேன்னு. அவருக்கு களஞ்சியத்தோட கணக்கு தெரியும், அவர் நடத்துன வீடு தானே. சிசிலியில உங்க சபைக்கு எவ்வளவு நிலம், எத்தனை வருஷமா அங்க இருந்து கோதுமை கப்பல்ல வந்து ரோம்ல ஏழைங்களுக்கு பங்கு போட்டீங்க, முன்னாடி பாப்பரசரா இருந்த பெரிய கிரகோரியார் காலத்துல எவ்வளவு கறாரா அதுக்கு கணக்கு வச்சாரு. அப்படிப்பட்ட வீட்டோட தலைவர் கருங்கடல் ஓரத்துல உப்பு படகை எதிர்பாத்து உக்காந்துருக்கார்.

நீங்க பயந்தீங்க. சரி. ராணுவம் வாசல்ல நின்னுச்சு, அனுப்புனா நீங்களும் துரோகின்னு ஆயிருப்பீங்க, நக்ஸோஸ்ல அடி வாங்குன சனங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடந்துருக்கும். ஆனா நக்ஸோஸ்காரங்க அடி வாங்கியும் கொண்டு வந்தாங்களே. அந்த அம்மாவும் மகளும் அரசாங்க ஜெயிலுக்குள்ளயே போத்தி விட்டாங்களே. அவங்க யாரும் 105 ஆயர்களோட உக்காந்து கையெழுத்து போட்டவங்க இல்ல.

எனக்கு பொறுக்க முடியாதது இது தான். நீங்க எல்லாம் சேந்து காப்பாத்துன கொள்கை என்ன? கிறிஸ்து முழு மனுஷன். பசிச்சா பசிச்சது தான், பயந்தா பயந்தது தான், தனியா விட்டா வலிச்சது தான். தோட்டத்துல அவர் சிநேகிதங்க கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஒரு மணி நேரம் என்னோட முழிச்சிருங்கன்னு. முழிச்சிருந்தா சிலுவை நின்னுருக்காது, ஆனாலும் கேட்டார், ஏன்னா மனுஷ மனசு அதை கேக்கும். அந்த மனுஷ மனசு அவருக்கு நெஜமாவே இருந்துச்சுன்னு சொன்னதுக்காக ஒருத்தர் போயி, அதே மாதிரி உங்க கிட்ட ஒரு மூட்டை தானியமும் உயிரோட இருக்கீங்களான்னு ஒரு வரியும் கேக்கறார். அனுப்பிருந்தா அவர் பொழைச்சிருப்பார்னு நான் சொல்ல வரல. சாகத்தான் போறார். ஆனா கேட்டார்.

என் வகுப்பு பையனுக்கு பதில் சொன்னேன், போன வாரம். யேசு நெஜமாவே பயந்தாருடா, அதை பயம்னு சொன்னதுக்காக ஒரு பாப்பரசர் பசியோட செத்தாருடான்னு சொன்னேன். அவன் உடனே கேட்டான், "அவரோட ஆளுங்க யாரும் சாப்பாடு குடுக்கலயா மிஸ்?" அந்த கேள்வியை தான் உங்களுக்கு அனுப்பறேன், நான் கேட்டதை விட அவன் கேட்டது நேரா இருக்கு.

655 செப்டம்பர் 16ல அவர் இறந்துட்டார், ஊருக்கு வெளியில பிளாகெர்னே மாதா கோயில்ல அடக்கம் பண்ணுனாங்க. மாக்சிமஸுக்கு 662ல நாக்கையும் வலது கையையும் வெட்டுனாங்க. 663ல அதே கான்ஸ்டன்ஸ் ரோமுக்கு வந்தப்போ, உங்க புது பாப்பரசர் வித்தாலியனும் குருக்களும் ஊருக்கு வெளிய ஆறாவது மைல்கல் வரைக்கும் போய் வரவேத்தீங்க. அந்த கூட்டத்துல நின்னவங்கள்ல எத்தனை பேர் பத்து வருஷம் முன்னாடி லாத்தரன்ல அந்த கட்டிலை சுத்தி நின்னவங்கன்னு எனக்கு கேக்க தோணுது. பேரரசர் 12 நாள் இருந்து, பான்தியோன் கோயில் கூரையில இருந்த வெண்கலத்தை கூட கழட்டிட்டு போனார். 681ல அந்த கான்ஸ்டன்ஸோட மகன் ஆட்சியிலயே, அதே கான்ஸ்டான்டிநோபிள்லயே, பொதுச்சங்கம் கிறிஸ்துவுக்கு ரெண்டு சித்தம்னு தீர்ப்பு எழுதிடுச்சு. மார்ட்டினுக்கு அப்புறம் எந்த பாப்பரசரையும் சபை மறைசாட்சின்னு வணங்கல, அவர் தான் கடைசி. எங்க காலண்டர்ல ஏப்ரல் 13 அவர் நாள்.

அந்த கடைசி லெட்டர்ல புலம்பி முடிச்சுட்டு அவர் உங்களுக்காக வேண்டிக்கறார். கடவுள் பேதுருவோட பரிந்துரையால உங்க மனசை சரியான விசுவாசத்துல நிலைக்க வைக்கட்டும், குறிப்பா இப்போ உங்களை மேய்க்கிற மேய்ப்பரை காப்பாத்தட்டும்னு. மேய்ப்பர்னா யூஜினியஸ். தன் இடத்துல உக்காந்தவருக்காக வேண்டிக்கறார், பேர் சொல்லல, குறையும் சொல்லல. என் இந்த உடம்பை ஆண்டவர் பாத்துப்பார், அவர் பக்கத்துல தான் இருக்கார், நான் எதுக்கு கவலைப்படணும்னு எழுதி முடிக்கறார்.

அவருக்கு இருந்த அந்த பொறுமை எனக்கு இல்ல. உப்பு ஏத்த செர்சோனுக்கு படகு போயிட்டு தான் இருந்துச்சு. அதுல ஒரு மூட்டை கோதுமை வைக்க இடம் இருந்துச்சு.